வயர் கையில் இருக்க, பதில் சொன்னது யார்?

அத்தியாயம் 14

காலியான பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு சிவலீலா பூஜை அறையில் திகைத்து நின்றதோடு சென்ற வாரம் அவளை விட்டுவிட்டு வந்தேன். பாவம், அவளும் எத்தனை நேரம்தான் அங்கேயே நிற்பாள்? நவமி முடிந்து தசமியும் விடிந்துவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. ஹுப்பள்ளி ஸ்டேஷன் ரோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஈரப்பா அங்கடி, மூத்த மகனை ஒரு விபத்தில் பறிகொடுத்தவர். அன்றைக்கு ரத்தம் கிடைத்திருந்தால் பையன் பிழைத்திருப்பான். அந்த ஆறாத கோபத்தில், கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டிலேயே ரத்தக் கொடையாளர் சங்கம் ஆரம்பித்தார். எந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தாலும், அந்தப் பிரிவு ரத்தம் உள்ள ஆளைக் கண்டுபிடித்து அனுப்பி வைப்பது அவர்கள் வேலை.

முன்பெல்லாம் பெயர்களும் போன் நம்பர்களும் நோட்டில் இருந்தன. ஒரு தரகன் அந்த நோட்டைப் படம் பிடித்துக்கொண்டு போய், அபூர்வ ரத்தம் உள்ளவர்களை ராத்திரி பகல் பாராமல் தொந்தரவு செய்ய ஆரம்பித்தான். விஷயம் தெரிந்த அன்றே ஈரப்பா அத்தனை நோட்டையும் வெந்நீர் அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டார். அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். கொடையாளர் பெயர் காகிதத்தில் இருக்கக் கூடாது, யாருடைய செல்போனிலும் இருக்கக் கூடாது. பெட்டிக்குள் மட்டும்தான் இருக்க வேண்டும்.

பெட்டி என்பது உள்ளறையில் இருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர். ஆறாயிரத்துச் சொச்சம் பேருடைய விவரம் அதற்குள். முன்னறையில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில், இளைய மருமகள் சிவலீலா தானே எழுதிய ஒரு வலைப்பக்கம் ஓடும். ரத்தப் பிரிவைத் தட்டினால் அது உள்ளறைப் பெட்டியைக் கேட்டுப் பெயர்களைக் கொண்டுவந்து காட்டும். சனிக்கிழமைதோறும் பெட்டியிலிருந்து ஒரு நகல் பென்டிரைவில் ஏறி, பூஜை அறையில் லிங்கத்துக்குப் பக்கத்தில் போய் உட்காரும்.

அந்த நகல் நான்கு மாதமாக ஏறவே இல்லை. கோப்பின் பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் கிடையாது. முன்னால் இருந்த நல்ல நகல்களையும் இந்த வெற்றுக் கோப்புகள் ஒவ்வொன்றாக அழித்துவிட்டன. இதைச் சிவலீலா கண்டுபிடித்து எட்டு நாள் ஆகிறது. எத்தனை தடவை மறுபடி எடுத்தும் வெற்றுக் கோப்புதான் வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று எனக்கு எத்தனை கடிதங்கள்! ஈரப்பா அங்கடிக்கு எதிரில் ஒரே ஒரு தடவை நின்று பாருங்கள், அப்புறம் எழுதுங்கள். புருஷன் சங்கமேஷிடமாவது சொல்லியிருக்கலாம். அவன் சரக்கு ரயில் ஓட்டுகிறவன். பண்டிகை நாளிலும் வண்டியில் இருக்கிறான், போன் அணைந்து கிடக்கிறது.

காலை ஒன்பதே கால். தசமி வழக்கப்படி பன்னி இலை, அதாவது நம் வன்னி இலை, கொடுத்துக் கும்பிட்டுப் போக வந்தவர்களின் செருப்புகள் வாசலில் குவிந்திருந்தன. அந்தச் செருப்புகளைத் தாண்டி ஒருவர் உள்ளே வந்தார். அவர் கையில் இலை இல்லை, ஒரு சீட்டு இருந்தது.

"சாவ்கார் இருக்காரா ரீ? டாக்டரம்மா அனுப்பினாங்க."

நவல்குந்து பக்கத்து விவசாயி, பெயர் பீமப்பா; அந்தப் பக்கத்தில் மரியாதைக்கு 'ரீ' போட்டுத்தான் பேசுவார்கள். மகள் கங்கவ்வாவுக்கு இருபத்திரண்டு வயது, தலைப் பிரசவம். சீட்டை வாங்கிப் படித்த ஈரப்பாவின் முகம் மாறியது.

"பாம்பே குரூப்."

கல்லாவுக்குப் பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த சிவலீலா எழுந்து நின்றுவிட்டாள். பார்வைக்கு ஓ பிரிவு மாதிரியே இருக்கும். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் ஆளையே கொன்றுவிடும். பல ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இது அமையும், அவருக்கு இன்னொரு பாம்பே குரூப் ஆளின் ரத்தம் மட்டுமே சேரும்.

டாக்டர் வீணாவே போனில் வந்தார். "நஞ்சுக்கொடி கீழ இறங்கி வழியை அடைச்சுட்டு நிக்குது சிவலீலா. ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும், ரத்தம் இல்லாம கத்தி வைக்க முடியாது. பெங்களூர்ல ஒரு பாக்கெட் இருக்காம், வந்து சேர ஏழு மணி நேரமாகும். அவ்வளவு நேரம் என்கிட்ட இல்லை. பன்னெண்டரைக்குள்ள ஆள் இங்க வந்தாத்தான், டெஸ்ட் முடிச்சு ரெண்டு மணிக்கு அவளை உள்ள கொண்டு போக முடியும். உங்க பட்டியல்ல யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க டாக்டர். ரெண்டு பேர் இருக்கறது நினைவிருக்கு. பத்து நிமிஷத்துல நம்பர் சொல்றேன்."

சொல்லிவிட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தைத் திறந்தாள், பிரிவைத் தட்டினாள். பெயர்கள் வரவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது.

'பட்டியலுடன் தொடர்பு மறுக்கப்பட்டது.'

மறுபடி தட்டினாள். அதே வரி. 

நேற்று நடந்ததைச் சொல்லாவிட்டால் இது புரியாது. நவமியன்று ஊரே ஆயுதங்களுக்குப் பூஜை செய்கிறது. தறிக்காரன் தறிக்கு, லாரிக்காரன் லாரிக்கு, ஈரப்பா தன் மருந்துத் தராசுக்கும் கம்ப்யூட்டர்களுக்கும். பூஜை முடிந்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது. மூன்று வருஷமாகச் சிவலீலா ஒரு தந்திரம் செய்துவந்தாள். முன்னறைத் திரையை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை ஓடவிட்டுவிடுவாள். அவசரம் என்று யாராவது வந்தால் மாமனார் தூங்கும் நேரத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இந்த வருஷம் தசராவுக்கு வீட்டு மாப்பிள்ளை வந்திருந்தார். நாத்தனார் மகாநந்தாவின் கணவர் சிதானந்த், பெங்களூரில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜர். பெட்டியின் விசிறி ஓடும் சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது.

"மாமா, இது இன்னும் ஓடுதே! ஆயுதத்துக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டாமா?" என்று சொல்லி மெயின் சுவிட்சையே கீழே தள்ளினார். பக்திமான்! மூன்று வருஷம் மூச்சுவிடாமல் ஓடிய பெட்டி அந்த நிமிஷம் அடங்கியது. ஈரப்பா அதன் நெற்றியில் மூன்று விரலால் விபூதி பூசி, செண்டுமல்லி மாலை போட்டார். இன்று காலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை மேலே தூக்கியதும் எல்லாம் ஒன்றாக உயிர்பெற்றன. பெட்டியின் பச்சை விளக்கும் எரிந்தது.

அந்த விளக்கு இப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளறைக்கு ஓடிப்போய் மாலையைப் பிய்த்து எறிந்தாள். காற்றுத் துவாரத்தை மூடியிருந்த பூக்களைத் துடைத்தாள். சூடு இல்லை, விசிறி சுற்றியது. பெட்டிக்குத் திரை கிடையாது. அதனுடன் பேசுவதென்றால் முன்னறைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேச வேண்டும். திரும்பி ஓடிவந்து அப்படியும் முயன்றாள். அங்கேயும் மறுப்புதான்.

அவளுக்குப் பயம் தந்தது அந்த 'மறுக்கப்பட்டது' என்ற சொல். கதவைத் தட்டும்போது பதிலே வராவிட்டால் வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். 'போ' என்று பதில் வந்தால் ஆள் இருக்கிறார், திறக்கவில்லை என்று அர்த்தம். பெட்டி உயிரோடு இருக்கிறது, உள்ளே பட்டியலுக்கு ஏதோ ஆகிவிட்டது. நேற்று சட்டென்று மின்சாரத்தை நிறுத்தியதில் பட்டியல் சிதைந்து போயிருந்தால்? நகல் எங்கே? நகல் ஏது?



"என்னாச்சும்மா?" என்றார் ஈரப்பா, வாசற்படியில் நின்றபடி.

"ஒண்ணுமில்ல மாமா. கொஞ்சம் மெதுவா இருக்கு."

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, பாருங்கள்! எட்டு நாள் பழக்கம்.

பத்து மணிக்கு உண்மை தெரிந்துவிட்டது. பீமப்பா பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவை சிவலீலா நிமிரும்போதும் அவரும் நிமிர்ந்தார். அதைப் பார்த்துப் பார்த்து ஈரப்பா உள்ளே வந்து திரையைப் பார்த்தார். சிவப்பு வரியைப் படித்தார்.

"மாப்பிள்ளை!"

சிதானந்த் கையில் சிர்ரா கிண்ணத்தோடு வந்தார். ஒரு கையால் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால், திறந்தபடியே கொண்டுவந்த தன் மடிக்கணினியை மேசையில் வைத்தார். "நகரும்மா சிவலீலா, நான் பார்க்கறேன். இதெல்லாம் எங்க ஆபீஸ்ல தினம் பத்து வரும்."

"பாவா, நானே பார்த்துடறேன். நீங்க சாப்பிடுங்க."

"நீயே பார்த்துத்தானே இப்படி இருக்கு?" என்று சிரித்தார். பண்டிகைக்கு வந்த மாப்பிள்ளை சிரித்தால் வீட்டில் எல்லோரும் சிரிக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை.

அவர் முன்னறைக் கம்ப்யூட்டரிலிருந்து பெட்டியின் எண்ணுக்கு ஒரு குரல் கொடுத்துப் பார்த்தார். வீட்டுக்கு வீடு கதவு எண் இருப்பது போல, ஒரே இணைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. பெட்டியின் எண் இருபது. 'இருபது, இருக்கிறாயா?' என்று கேட்டால், இருந்தால் 'இருக்கிறேன்' என்று பதில் வரும். நொடிக்கு ஒரு பதிலாகத் திரையில் வரிசையாக வந்தது.

"பார்த்தீங்களா மாமா? மெஷின் நல்லா பதில் சொல்லுது. வயரும் சரி, கனெக்‌ஷனும் சரி. உள்ள இருக்கற டேட்டாபேஸ்தான் போயிடுச்சு. மொத்தத்தையும் துடைச்சுட்டுப் புதுசா போடணும். என்கிட்ட பென்டிரைவ் இருக்கு, அரை மணி நேர வேலை."

"துடைச்சா பேரெல்லாம் போயிடாதா?"

"உங்க பூஜை ரூம்ல நகல் இருக்கே! அதை ஏத்திடலாம். அதுக்குத்தானே வாராவாரம் எடுத்து வெக்கறீங்க?"

ஈரப்பாவின் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. "எங்க சிவலீலா ஒரு சனிக்கிழமை தவற விட்டதில்லை."

  சொல்லிவிடு என்றது சிவலீலாவின் மனசு. எதிரே மாமனார், பக்கத்தில் மாப்பிள்ளை, சமையலறை வாசலில் மகாநந்தா, ஹாலில் இலையோடு வந்திருக்கும் நாலு பேர். வாய் வரவில்லை.

"பாவா, ஒரு பத்து நிமிஷம் கொடுங்க. வேற ஏதாவது இருக்கும்."

"அந்தப் பத்து நிமிஷத்தை ஒரு மணி நேரமா எடுத்துட்டிருக்கே!"

பெஞ்சுப் பக்கமிருந்து பீமப்பாவின் குரல் வந்தது. "அக்கா, ஆளு கிடைச்சாச்சா ரீ?"

சிவலீலா மறுபடி பிரிவைத் தட்டினாள். அதே சிவப்பு வரி.

பத்தே முக்காலுக்குச் சிதானந்த் கடையின் பில் போடும் திரையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதை வைத்தார். ஒரு கையில் அவருடைய பென்டிரைவ். மகாநந்தா பூஜை அறையிலிருந்து இன்னொரு பென்டிரைவை, பயபக்தியோடு தட்டில் வைத்து எடுத்து வந்தாள். மேலே ஒரு பூ வேறு!

அந்தப் பூவைப் பார்த்ததும் சிவலீலாவுக்குத் தாங்கவில்லை. குறுக்கே ஓடிப்போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"தொடாதீங்க."

"என்னம்மா இது?"

"தொடாதீங்க பாவா! அந்தப் பென்டிரைவுல ஒண்ணும் இல்ல. நாலு மாசமா அதுல ஒண்ணும் ஏறல. எல்லாப் பேரும் இந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான் இருக்கு. இதைத் துடைச்சா ஆறாயிரம் பேரும் போயிடுவாங்க."

தட்டு மகாநந்தாவின் கையிலேயே நின்றது. "நாலு மாசமாவா வைனி?" என்றாள் அவள் அண்ணியிடம், மெல்ல. பிறந்த வீட்டில் அவள் இப்படி மெல்லப் பேசி நான் கேட்டதில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டார் ஈரப்பா.

"எட்டு நாள் ஆச்சு மாமா."

அவர் கத்துவார் என்று நினைத்துச் சிவலீலா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கத்தவில்லை.  திரும்பி முன்னறைக்குப் போனார். அவர் கத்தியிருந்தால் அவளுக்குப் பாதி பயம் போயிருக்கும்.

சிதானந்த் சும்மா இருக்கவில்லை. "இதான் நடக்கும். வீட்டுல இருக்கறவங்க எழுதின சாஃப்ட்வேர்! நான் அப்பவே சொன்னேன், ஒரு கம்பெனிகிட்ட கொடுங்கன்னு. சரி, இப்ப என்ன பண்ணலாம்? டேட்டாபேஸ் போனது போனதுதான், துடைச்சாலும் துடைக்காட்டியும்..." என்று மறுபடி பென்டிரைவை நீட்டினார்.

அவர் கையைத் தட்டிவிட முடியாது, மாப்பிள்ளை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே சிவலீலா பெட்டியின் பின்னால் கைவிட்டு, வலைத் தொடர்பு வயரைப் பிடுங்கினாள். நீல வயர் கையோடு வந்தது. எதிலும் சேராமல் தனியாக நின்றால் இதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. வயரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

முன்னறையிலிருந்து ஈரப்பாவின் குரல் கேட்டது.

"இன்னும் வந்துட்டே இருக்கே."

"என்ன மாமா?" என்றார் சிதானந்த்.

"இதுதான். இருபது 'இருக்கேன், இருக்கேன்'னு சொல்லிட்டே இருக்கு."

சிவலீலாவின் அழுகை நின்றது. கையிலிருந்த வயரைப் பார்த்தாள். அதன் மறுமுனை சுவரில் இருந்தது. இந்த முனை அவள் விரல்களுக்குள். பெட்டிக்கும் வெளியுலகுக்கும் இனி ஒரு சம்பந்தமும் கிடையாது.

அப்படியானால் பதில் சொல்வது யார்?

 முன்னறைக்கு ஓடினாள். உண்மைதான். நொடிக்கு ஒரு வரி, நிற்காமல், நிதானமாக. இருபது இருக்கிறேன். இருபது இருக்கிறேன். நேற்று செண்டுமல்லி மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெட்டியின் பெயரைச் சொல்லிக்கொண்டு, வீட்டுக்குள் வேறு யாரோ காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"யாரோ அதோட எண்ணை எடுத்துக்கிட்டாங்க மாமா" என்றாள். மூளை ஓட ஆரம்பித்துவிட்டது. "நேத்து மெயினை அணைச்சதுல சுவத்துல இருக்கற வைஃபை இணைப்புப் பெட்டியும் அணைஞ்சு போச்சு. அதுதான் எண் கொடுக்கறது. இன்னைக்குக் காலையில முதல்ல யார் கேட்டாங்களோ அவங்களுக்கு எடுத்துக் கொடுத்துடுச்சு. நம்ம பெட்டி கண் முழிக்க நேரமாகும், பழசு. அதுக்கு முன்னாடி வேற ஏதோ வந்து இருபதை வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. நம்ம பக்கம் அதுகிட்ட போய்ப் பட்டியலைக் கேக்குது. அதுக்கு என்ன தெரியும்? 'போ'ங்குது."

"முன்னெல்லாம் இப்படி ஆகலையே?"

"முன்னெல்லாம் நாம அணைச்சதே இல்ல மாமா. அந்த எண்ணை நிரந்தரமா அதுக்குன்னு எழுதி வெச்சிருக்கணும். நான் எழுதல. என் தப்புதான்."

ஒரே காலையில் இரண்டாவது தப்பை ஒப்புக்கொண்டாள். இரண்டாவது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்பதை அவளே ஆச்சரியத்தோடு கவனித்தாள்.

ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார்கள். கடையின் கேமரா. பதில் நிற்கவில்லை. பில் அச்சடிக்கும் இயந்திரம். நிற்கவில்லை. மகாநந்தாவின் செல்போன், ஈரப்பாவின் செல்போன், ஹாலில் இருந்த டிவி. இருபது அசைந்து கொடுக்கவில்லை. மணி பதினொன்று இருபது. பீமப்பா இப்போது அறைக்குள்ளேயே வந்து நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொன்றும் அணையும்போது அவர் உதடு முணுமுணுத்தது.

"வேற என்ன இருக்கு?" என்றார் ஈரப்பா.

சிவலீலாவின் பார்வை மேசைமேல் போய் நின்றது. சிர்ரா கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு மடிக்கணினி.

"பாவா, காலையில எத்தனை மணிக்கு இதைத் திறந்தீங்க?"

"ஆறு மணிக்கு. ஆபீஸ் மெயில் பார்க்கணுமே. கரண்ட் வந்த உடனே..." சிதானந்த் வாயை மூடிக்கொண்டார்.

ஈரப்பா கையை நீட்டி அதைப் படாரென்று மூடினார்.

திரையில் வரி நின்றது. பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை.

மகாநந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் முகத்தைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இவ்வளவு நேரம் உங்ககிட்டதான் பேரு கேட்டுட்டிருந்தாங்களா?"

சிரிக்கச் சிவலீலாவுக்கு நேரமில்லை. வயரை மறுபடி செருகினாள். உள்ளறையில் மாப்பிள்ளை கொண்டுவந்து வைத்த திரையைப் பெட்டியில் பொருத்தினாள், அந்த மட்டுக்கு அவருக்கு நன்றி. பெட்டிக்கு இன்று கிடைத்திருந்த எண் முப்பத்தொன்று. உள்ளே பட்டியல் பத்திரமாக, ஒரு குறையும் இல்லாமல், யாராவது கேட்பார்களா என்று காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தது. முன்னறைக்கு வந்து, தன் வலைப்பக்கத்தின் அமைப்புக் கோப்பில் இருபது என்று எழுதியிருந்த ஒரே ஓர் இடத்தைத் தேடினாள். அவசரத்தில் முதலில் முப்பத்திரண்டு என்று அடித்துவிட்டாள். அழித்து முப்பத்தொன்று என்று அடித்தாள். பக்கத்தை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டாள்.

பிரிவைத் தட்டினாள்.

இரண்டு பெயர்கள் வந்தன.

முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் பயங்கர இரைச்சல், விசில், யாரோ சில்லறை கேட்டுச் சண்டை போடும் சத்தம்.

"யாரு? சத்தமாப் பேசுங்க, பஸ்ல இருக்கேன்!"

"ஜைதூன்பி முல்லாங்களா? ரத்தக் கொடையாளர் சங்கத்துலேர்ந்து சிவலீலா பேசறேன். பாம்பே குரூப். பிரசவ கேஸ். இருபத்திரண்டு வயசுப் பொண்ணு. பன்னெண்டரைக்குள்ள ஆஸ்பத்திரியில இருக்கணும்."



"கதக்லேர்ந்து வந்துட்டிருக்கேன்மா, டியூட்டியில. நான்தான் கண்டக்டர். அண்ணிகேரி தாண்டியாச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல ஹுப்பள்ளி. எந்த ஆஸ்பத்திரி சொல்லு... சரி, சரி, தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் போகல, நேரா ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தச் சொல்றேன். அம்பத்திரண்டு பேர் இருக்காங்க, திட்டட்டும். தசரா அதுவுமா நாலு பேர் திட்டினாத்தான் எனக்கும் சாப்பாடு இறங்கும்." பிறகு போனைத் தள்ளி வைத்துக்கொண்டு, "டிரைவரண்ணா, மிதி!" என்று கத்தியது இங்கே எல்லோருக்கும் கேட்டது.

பீமப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தார். மகாநந்தா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சிவலீலா போனைக் கீழே வைத்தாள். அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்ப்பதிலேயே போனது. பிறகு ஈரப்பா அவள் எதிரில் வந்து நின்றார். 

"எட்டு நாள்" என்றார். "எட்டு நாளா ஒரு வார்த்தை சொல்லல."

"தப்புதான் மாமா."

"தப்பு சரியை விடு. ஏன் சொல்லல? அதைச் சொல்லு."

என்ன சொல்வதென்று யோசித்தாள். மறந்துவிட்டேன், சரி செய்யப் பார்த்தேன், பண்டிகை முடியட்டும் என்று நினைத்தேன். எல்லாம் வாய் வரைக்கும் வந்தன. எதுவும் வெளியே வரவில்லை.

"உங்களைப் பார்த்தா பயம் மாமா."

"என்னைப் பார்த்தா?"

"ஆமா."

எழுபது வயது மனிதர் அப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தார். மகாநந்தா தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் மூடிய மடிக்கணினியைத் தடவிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் வேறு யார் யார் எதை எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறார்களோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகம் திடீரென்று தளர்ந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் போன் அடித்தது. டாக்டர் வீணா.

"எங்க சிவலீலா உங்க ஆளு? மணி பன்னெண்டேகால். இவளுக்கு ரத்தப்போக்கு ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டு மணி வரைக்கும் காத்திருக்க முடியாது, இப்பவே தியேட்டருக்குக் கொண்டு போறேன். அவங்க வந்த நிமிஷமே எடுத்து, அவசர டெஸ்ட் மட்டும் பண்ணி ஏத்தணும். சீக்கிரம்!"

பீமப்பா முகத்தைப் பார்க்காமல் சிவலீலா ஜைதூன்பியின் நம்பரைத் தட்டினாள். எடுத்தது ஓர் ஆண் குரல். பின்னால் மேளம், கொம்பு, ஜேஜே கோஷம்.

"கண்டக்டரம்மா இல்லையா?"

"இல்ல ரீ. நான் டிரைவர். தேவி ஊர்வலம் குறுக்க வந்துடுச்சு, வண்டி இருபது நிமிஷமா அசையல. டிக்கெட் பையையும் போனையும் என் மடியில போட்டுட்டு இறங்கிட்டா."

"எங்க போனாங்க?"

"எங்க போவா? ஆஸ்பத்திரி பக்கம்தான். கூட்டத்துக்குள்ள பூந்து ஓடறா ரீ, செருப்பைக்கூட இங்கயே விட்டுட்டு."

"அங்கேர்ந்து எவ்வளவு தூரம்?"

"மூணு கிலோமீட்டர் இருக்கும். ரோடு முழுக்க ஜனம்."

சிவலீலா போனைக் காதிலிருந்து எடுத்தாள். சொல்ல வேண்டியதை இந்தத் தடவை ஒளிக்கவில்லை. எல்லோர் முன்னாலும், பீமப்பா முன்னாலும், ஒன்று விடாமல் சொன்னாள். அவர் மகளைத் தியேட்டருக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்பதையும் சொன்னாள். பீமப்பா துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

ஈரப்பா ஆணியில் மாட்டியிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். சிதானந்த் முன்னால் வந்து, "நான் போறேன் மாமா" என்றார்.

"உங்களுக்கு இந்த ஊர்ச் சந்து தெரியாது மாப்பிள்ளை. நீங்க பீமப்பாவைக் கார்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

வாசலில் இருந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டு ஸ்கூட்டரை இறக்கினார். மூன்றாவது உதையில் அது கிளம்பியது. திரும்பிப் பார்த்தார்.

"நீ என்ன நின்னுட்டிருக்கே? வா."

"அவங்க முகம் எனக்குத் தெரியாதே மாமா."

"இன்னைக்கு இந்த ஊர்ல காக்கி உடுப்பு போட்டுக்கிட்டு, காலுக்குச் செருப்பில்லாம ஓடற பொம்பளை ஒருத்திதாம்மா இருப்பா" என்றார் ஈரப்பா. "ஏறு."